கண்ணாடிக்கு அடியில் ஒரு பூச்சி

என் அக்கா வீட்டுக்காரர் போட்டோவுக்கு பிரேம் போடுகிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. நானும் அவர்களோடுதான் இருக்கிறேன். பிரேம் போடுகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஒரு தூசி இருந்தால் சாப்பாடு இறங்காத ஆள் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பழைய பனியன் துணியால் துடைப்பார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், மறுபடி துடைப்பார். பின்பக்கம் ஆணி அடித்து டேப் ஒட்டிய பிறகும் ஏதோ கண்ணில் பட்டால் மொத்தத்தையும் பிரித்துவிடுவார். வாங்க வந்தவர் வாசலில் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பார். "அது யாருக்கு மாமா தெரியப்போகுது?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "எனக்குத் தெரியுதே" என்றார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

அக்கா பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடும் பிரிவில் இருந்தாள். ஜன்னலே இல்லாத கூடம், நாள் முழுக்க மெஷின் சத்தம். முட்டி தேய்ந்து வேலையை விட்டபோது, கூட இருந்தவர்கள் ஒரு மணிப்பிளான்ட் தொட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அது துணை தேடியது போல, பெரணி வந்தது, பிகோனியா வந்தது, பேர் தெரியாத இரண்டு மூன்றும் வந்து சேர்ந்தன. வீட்டில் நல்ல வெளிச்சம் விழுவது கடை ஜன்னலில் மட்டும்தான். அதனால் எல்லாம் அங்கேயே குடியேறின. "பாதி வாழ்க்கை ஜன்னலே இல்லாம போச்சுடி. இப்பதான் ஒரு இலை விரியறதை உட்கார்ந்து பார்க்கறேன்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். மாமாவுக்கும் இளகித்தான் இருக்க வேண்டும். மிச்சமான பிரேம் கட்டைகளை வைத்துத் தொட்டிகளுக்கு அவரே ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தார்.

பாசம் கூடிப்போனால் கை சும்மா இருக்காது. அக்கா காலையில் தண்ணீர் ஊற்றினாள், சாயந்திரமும் ஊற்றினாள், நடுவில் டீத்தூள் சக்கையைக் கொண்டுபோய்க் கொட்டினாள். மண் காய நேரமே இல்லை. கொஞ்ச நாளில், தொட்டியைத் தொட்டாலே கொசு மாதிரி குட்டிக் குட்டிக் கறுப்புப் பூச்சிகள் எழும்பின. கடிக்காது, சத்தம் போடாது. டீ தம்ளரில் விழும், மூக்குக்குள் போகும், மாமா துடைத்து வைத்த கண்ணாடியில் போய் உட்காரும்.

ஒரு நாள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முந்தின நாள் வாங்கிப்போன படத்தோடு திரும்பி வந்தார். அவருடைய அப்பாவின் பழைய படம். மேஜைமேல் வைத்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "எங்க அப்பாவுக்கு மூக்கு மேல மச்சம் கிடையாதுங்களே."

நான் சிரித்துவிட்டேன். மாமாவின் முகம் செத்துப்போனது. தன் கையாலேயே ஒரு பூச்சியை உள்ளே வைத்து ஆணி அடித்து அனுப்பியிருக்கிறார். ஆசிரியர் போனதும் அக்கா பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஒரே ஒரு பூச்சி என் கண்ணுல பட்டுதுன்னா, அத்தனை தொட்டியும் தெருவுல கிடக்கும்."

"தெருவுக்குப் போனா அதுங்ககூட நானும் போறேன்" என்றாள் அக்கா.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான். ஆனால் இரண்டு பேருமே விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அக்கா நர்சரிக்காரரிடம் ஓடினாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "மண்ணு எப்பவாவது காயுதாம்மா?" என்பது. பூச்சி பிறப்பதும் வளர்வதும் ஈரமான மேல்மண்ணில்தான், இலையில் மருந்தடித்துப் பிரயோசனம் இல்லை என்றார். விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்று. டீத்தூளை நிறுத்து. தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடு. மேலே காய்ந்த மணலைப் பரப்பு. பறக்கிறதைப் பிடிக்கப் பசை தடவிய மஞ்சள் அட்டையைத் தொட்டியில் குத்தி வை. அவ்வளவுதான் வைத்தியம்.

ஊற்றாமல் இருப்பது அக்காவுக்கு ஊற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. செம்பைத் தூக்கிக்கொண்டு போய், விரலை விட்டுப் பார்த்து, பெருமூச்சு விட்டுத் திரும்பி வருவாள். வாழைப்பழத்தைச் சுற்றும் பூச்சிகளையும் விடவில்லை; கிண்ணத்தில் வினிகர் ஊற்றி, இரண்டு சொட்டு சோப்பும் விட்டு, சமையலறையில் வைத்தாள். முதலில் வைத்த மஞ்சள் அட்டையைப் பார்த்தால் எள் தூவினது போல இருந்தது. அடுத்ததில் குறைந்தது. அதற்கடுத்ததில் அங்கொன்று இங்கொன்று. பிறகு போட்ட அட்டை போட்டபடியே பளிச்சென்று நின்றது. ஒரு இலைகூட வாடவில்லை.

மாமா மட்டும் விடவில்லை. வேலைக்கு நடுவே காற்றில் கையை வீசுவார். சுவரைப் பார்த்துப் பட்டென்று தட்டுவார். "இதோ போகுது பாரு" என்பார். நாங்கள் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஒரு சின்னப் பையனின் பிறந்தநாள் படத்தை மறுபடி மறுபடி பிரித்து மாட்டினார். "உள்ள நிக்குது, உள்ளதான் நிக்குது" என்று முனகல் வேறு. போதாததற்கு டியூப்லைட் வெட்டுகிறது என்று சொல்லி நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கையும் மாற்றினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொட்டிகளைத் துரத்த இந்த மனுஷன் இல்லாத பூச்சியை உண்டாக்குகிறார் என்றே நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். அவர்கள் இருவருக்கும் நடுவே பேச்சு நின்றுபோனது. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, "டீ வேணுமான்னு உங்க மாமாவைக் கேளு" என்பாள் அவள். "பூச்சி விழாத டீயா இருந்தா வேணும்னு உங்க அக்காகிட்ட சொல்லு" என்பார் அவர். நடுவில் நான் ஒரு தபால்காரி.

ஒரு காலையில் மாமா சுத்தியலை வைத்துவிட்டு எழுந்தார். "தூக்கு தொட்டியை. சொன்னா சொன்னதுதான்."

அக்கா ஜன்னலுக்குப் போய், மஞ்சள் அட்டை ஒன்றைப் பிடுங்கி வந்து அவர் முன்னால் மேஜையில் வைத்தாள். "எங்க இருக்கு? காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நானே எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடறேன்."

மாமா குனிந்தார். வெயில் நேராக அட்டைமேல் விழுந்துகொண்டிருந்தது. விரலை நீட்டினார்.

"இதோ. கண்ணு என்ன குருடா உனக்கு? இதோ, நகர்ந்து போகுது பாரு."

அட்டையில் ஒன்றுமில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் விரல் சில்லென்று இருந்தது.

"பசைங்க அது" என்றாள் மெதுவாக. "ஒட்டின பூச்சி எப்படிங்க நகரும்?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். அக்கா அவர் பக்கத்தில் போய், உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணை மூடினாள். "இப்ப இருக்கா?"

"இருக்கு."

கையை மாற்றி வலது கண்ணை மூடினாள். "இப்ப?"

அவர் அட்டையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "இல்ல" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து நான் கேட்டதே இல்லை.

"லைட்டு வெட்டுதுன்னீங்களே?"

"ஓரத்துல மின்னல் மாதிரி அடிக்குது. லைட்டை மாத்தியும் போகல. உன்கிட்ட எப்படிச் சொல்றது... பேசறதே இல்லையே நாம."

அக்கா அழுதாள். அழுதுகொண்டே அவருக்குச் செருப்பை எடுத்துப் போட்டாள். கடையைப் பூட்டக்கூட நிற்கவில்லை, நான்தான் பூட்டிவிட்டுப் பின்னால் போனேன்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். வலது கண்ணில் விழித்திரை ஓரமாகக் கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். பூச்சி மாதிரி நகர்வது கண்ணுக்குள்ளேயே மிதக்கிற துணுக்குகளின் நிழலாம். அன்றைக்கே லேசர் வைத்துக் கிழிசலைச் சுற்றி ஒட்டினார்கள். "மின்னல் தெரிஞ்ச அன்னைக்கே வந்திருக்கணும். இன்னும் விட்டிருந்தா திரையே கழண்டு வந்திருக்கும்" என்றார். ஒன்றிரண்டு துணுக்குகள் அப்படியே இருக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

வெளியே வராந்தாவில் மாமா கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அப்ப உங்க கண்ணுல பூச்சி படத்தான் போகுது. என் தொட்டிங்க கதி?"

மாமா சிரித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு மாமா கடையைத் திறந்தார். முதல் வேலை அந்தப் பையனின் பிறந்தநாள் படம். கண்ணாடியைத் துடைத்தார், சாய்த்துப் பார்த்தார், மறுபடி துடைத்தார். துடைத்தால் போகிற தூசி இல்லையே அது. இந்த மனுஷன் இனி எப்படி ஒரு படத்தை முடித்துக் கொடுப்பார்?

மாமா கண்ணாடியைத் தூக்கி அக்கா பக்கம் நீட்டினார்.

"இருக்கா?"

அக்கா வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில், தொட்டிகளுக்கு மேலே பிடித்து நிதானமாகப் பார்த்தாள். "இல்ல."

வாழ்நாளில் இன்னொருவர் கண்ணை நம்பாத மனுஷன் அவர். கண்ணாடியைப் படத்தின்மேல் வைத்தார். பையனின் கன்னத்தில் அவருக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதை உள்ளேயே விட்டு, பின்பக்கம் திருப்பி, ஆணி அடித்தார்.