போவதா, இருப்பதா: ஒரே மனதுக்காக நாங்கள் செபித்தது

ஒரு மாரி காலம் முழுவதும் நானும் என் மனைவி பிலோமினாவும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அயலவருக்குக் கேட்கும்படி சண்டை எதுவும் நடக்கவில்லை. அவள் சோறு போட்டாள், நான் சாப்பிட்டேன். நான் வலை பொத்தினேன், அவள் நூல் எடுத்துத் தந்தாள். பேச்சு மட்டும் இல்லை. காரணம் ஒரே ஒரு கேள்வி. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குப் போவதா, ஊரில் இருப்பதா?

மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை உங்களுக்கு எழுதித் தரும்படி உங்கள் ரீச்சர் கேட்டார். உங்களில் பலருடைய வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து, முகாமில் இருந்துவிட்டு, நாங்கள் ஊருக்குத் திரும்பிய இரண்டாம் வருடம் அது. மன்னாருக்கு வடக்கே பெருநிலப் பக்கக் கரையில் எங்கள் ஊர். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும்தான் இருந்தது. தகரத்தாலும் தறப்பாளாலும் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டோம். இரண்டு குடும்பத்துக்கு ஒன்று என்று ஒரு வெளி எஞ்சின் வள்ளம் உதவியாகக் கிடைத்தது. ஆனால் கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்க வேண்டும். அக்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போய்விடும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லை.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் டெனிசன். அடுத்தவள் ஜெசிந்தா. கடைசி கிளமன். ஜெசிந்தாவின் தோளுக்குள் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருந்தது. ஷெல் விழுந்தபோது பட்டது. முகாமில் பார்த்த டொக்டர், இப்போதைக்கு அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பனிக் காலத்தில் அது வலிக்கும். அவள் அழமாட்டாள். கையை மட்டும் மடித்து நெஞ்சோடு வைத்துக்கொள்வாள்.

அப்படி இருக்கும்போதுதான் கள்ளமாகக் கடல் வழியே ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய வள்ளம் போகப் போகிறது, ஓட்டுவதற்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார்.

“சூசையண்ணை, உங்களிட்ட ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் வள்ளத்தை ஓடினால் சரி. அக்காவும் பிள்ளையளும் சும்மா ஏறலாம்.”

“தம்பி, அவுஸ்திரேலியா எந்தப் பக்கம் எண்டே எனக்குத் தெரியாது.”

“ஜிபிஎஸ் தருவம் அண்ணை. அது வழி சொல்லும். நீங்கள் சுக்கானைப் பிடிச்சுக்கொண்டிருந்தால் காணும்.”

உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பிலோமினாவின் குரல் வந்தது. “அது அலை எங்கையால வரும் எண்டும் சொல்லுமாமோ?”

அன்று தொடங்கியது. நான் போவோம் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். என் கணக்கில் டெனிசன் வளர்ந்துகொண்டு வருகிறான். வளர்ந்த பெடியனை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் பயந்து பயந்து இருக்க முடியாது. அவள் கணக்கில் இப்போதுதான் ஊருக்கு வந்திருக்கிறோம். காணி இருக்கிறது. கோயிலுக்குக் கூரை போட்டாகிவிட்டது. தோட்டவெளி என்ற ஊரில் அவளுடைய அக்கா குடும்பம் இருக்கிறது, ஒரு அந்தரம் ஆபத்து என்றால் ஓடிப் போகலாம். அங்கே யாரிடம் போவது?

இரண்டு கிழமை போனதும் எல்லாம் தலைகீழானது. ஜெசிந்தாவின் தோள் வலி கூடியது. பிலோமினா, “அங்கை பெரிய ஆசுப்பத்திரியள் இருக்குமெல்லே, போவம்” என்றாள். அதற்குள் நான் பயந்துவிட்டேன். சின்னக் கடலில் ஓடிப் பழகியவன் நான். நாட்கணக்கில் கரை தெரியாத கடலில் எனக்கு அனுபவம் இல்லை. வேண்டாம் என்றேன்.

“அண்டைக்குப் போவம் எண்டு குதிச்சது ஆர்?” என்றாள்.

“அண்டைக்கு வேண்டாம் எண்டு மறிச்சது ஆர்?” என்றேன்.

இப்படியே மாறி மாறிப் போனது. நான் கிழக்கே இழுத்தால் அவள் மேற்கே இழுப்பாள். பிள்ளைகளும் பக்கம் பிரிந்தார்கள். டெனிசன் எப்படியும் போகப் போகிறோம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தொடுவதை விட்டான். கிளமன், “நாயையும் ஏத்தலாமோ?” என்று கேட்டான். அவன் போய் நாயோடு படுத்துக்கொண்டான். போரில், முகாமில், பட்டினியில் எல்லாம் நானும் பிலோமினாவும் ஒரே மனதாகத்தான் நின்றோம். இப்போது ஒரு கொட்டிலுக்குள் இரண்டு குடும்பம் இருப்பது போல இருந்தது. எனக்கு வாழ்க்கையே வெறுத்துப் போனது.

அந்த நேரம் கோயிலில் அந்தோனியார் நவநாள் தொடங்கியது. ஒன்பது செவ்வாய்க்கிழமை. நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் செவ்வாயே அவருக்கு முன்னால் முழந்தாளில் நின்று ஓர் அடையாளம் கேட்டேன். “அந்தோனியாரே, நவநாள் முடிய முதல் இந்த வாடைக் காற்று அடங்கினால், போகச் சொல்லுகிறீர் என்று எடுத்துக்கொள்வேன்.” அந்த நாட்களில் என் மனம் போவது என்ற பக்கத்தில் நின்றது.

எட்டாம் செவ்வாய்க்கு முதல் நாள் காற்று விழுந்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. நான் ஓடிப் போய்ப் பிலோமினாவிடம் சொன்னேன். “அடையாளம் கிடைச்சிட்டுது. அந்தோனியார் போகச் சொல்லுறார்.”

அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, நானும் கடற்கரையிலதான் பிறந்தனான். மாசியில வாடை விழாமல் வேற எப்ப விழும்? நீங்கள் அந்தோனியாரிட்டக் கேட்டனீங்களோ, இல்லை அவருக்குச் சொல்லிக் குடுத்தனீங்களோ?”

எனக்கு முகம் சுண்டிப் போனது. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க எனக்கும் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தோம். பிள்ளைகள் வாசலில் வந்து நின்று, இதுகளுக்கு என்ன நடந்தது என்பது போலப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் இருவரும் கோயிலுக்குப் போனோம். இந்த முறை அடையாளம் கேட்கவில்லை. போக விடும் என்றும் கேட்கவில்லை, இருக்க விடும் என்றும் கேட்கவில்லை. “ஆண்டவரே, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மனதைத் தாரும். எதுவென்றாலும் சேர்ந்து சொல்ல வேண்டும்.” அவ்வளவுதான். பிலோமினா சத்தமாகச் சொன்னாள், நான் ஆமென் சொன்னேன்.

தவக்காலத்தில் எங்கள் பக்கக் கடலில் ஆட்கள் குடியில்லாத ஒரு தீவில் அந்தோனியார் திருநாள் நடக்கும். கரையோரச் சனம் குடும்பம் குடும்பமாக வள்ளத்தில் போவார்கள். அந்த வருடம் நாங்களும் போனோம். நேவிக்காரர் பேர் பதிந்து விட்டார்கள். போகும்போது கடல் அமைதியாக இருந்தது. பூசை கண்டு, சாப்பிட்டு, திரும்பும்போது நாங்கள் கொஞ்சம் பிந்திவிட்டோம். மற்ற வள்ளங்கள் முன்னே போய்விட்டன.

பாதி வழியில் மேற்கே கறுத்தது. காற்று திடீரென்று எழும்பியது. மழையும் சேர்ந்து கொட்டியது.

இதைவிட மோசமான கடலில் நான் ஓடியிருக்கிறேன். அப்போதெல்லாம் கை தானாக வேலை செய்யும். அன்று செய்யவில்லை. ஏனென்றால் எஞ்சின் பிடிப்பவன் பின்பக்கம் இருந்து முன்னே பார்த்துக்கொண்டு இருப்பான். என் கண்ணுக்கு நேரே என் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். வள்ளம் ஒவ்வொரு முறை தூக்கிப் போடும்போதும் நான் அலையைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்தேன். கிளமன் பிடித்துக்கொண்டானா? ஜெசிந்தாவின் கை நோகிறதா? பார்த்துவிட்டுத் திரும்பும்போது அலை வந்துவிடும். வள்ளத்தைத் திருப்பப் பிந்திவிடும். ஒரு முறை முன்பக்க அணியம் விலகி, வள்ளம் பக்கவாட்டில் சரிந்து, தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது.

“அப்பா, அலை! அலையைப் பாருங்கோ!” என்று டெனிசன் கத்தினான்.

பிலோமினாவுக்கு விளங்கிவிட்டது. அவள் மீனவனின் மகள். வள்ளத்தில் கிடந்த படங்கை இழுத்தாள். மழைக்குச் சாமான் மூடுகிற தடித்த சீலை அது. பிள்ளைகளைக் கீழே இருத்தி, தானும் இருந்து, எல்லோருக்கும் மேலாக அதைப் போட்டு மூடினாள். மூடுவதற்கு முன் என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள்.

“எங்களைப் பாராதேங்கோ. நாங்கள் இல்லை எண்டு நினைச்சு ஓடுங்கோ.”

பிறகு படங்குக்குள் இருந்து செபமாலை தொடங்கியது. அவள் “அருள் நிறைந்த மரியே” என்பாள், பிள்ளைகள் மறுமொழி சொல்வார்கள். கிளமனின் குரல் எல்லோருக்கும் பிந்தி, தனியாகக் கேட்கும். எனக்கு அவர்கள் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. சத்தம் வருகிறது என்றால் இருக்கிறார்கள். நான் அலையைப் பார்த்தேன். கை பழையபடி வேலை செய்யத் தொடங்கியது. இடையிடையே காற்று அந்தச் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அப்போதெல்லாம் என் உயிர் போய்த் திரும்பி வந்தது. ஆனால் நான் குனிந்து பார்க்கவில்லை.

ஆண்டவர் எங்களைக் கரை சேர்த்தார். படங்கைத் தூக்கியபோது கிளமன் நித்திரை. டெனிசன் தம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

நானும் பிலோமினாவும் படங்கைப் பிழிந்தோம். ஆளுக்கு ஒரு முனை. அப்போது நான் சொன்னேன். “எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. கடலுக்குப் பயமில்லை. பிள்ளையளை வைச்சுக்கொண்டு எனக்கு வள்ளம் ஓடத் தெரியாது. அந்தப் பெரிய வள்ளத்தில எங்கட பிள்ளையள் மட்டுமில்லை, ஊர்ச் சனமும் என்னை நம்பி ஏறும்.”

அவள் தன் முனையை இன்னொரு முறை முறுக்கினாள். பிறகு சொன்னாள். “ஒரு பின்னேரத்துக்கு மூடலாம். அத்தினை நாளைக்கும் ஆரால மூட ஏலும்? உள்ளுக்கை இவளின்ர தோளைத்தான் பிடிச்சுக்கொண்டிருந்தனான். அந்த இரும்பை ஒருக்காலும் நினைக்கேல்லை. இவள் உயிரோட கரைக்கு வந்தால் காணும் எண்டிருந்தது. இரும்பை எடுக்கிறதெண்டால் யாழ்ப்பாணம் கொண்டு போவம். பஸ்ஸில.”

“ஓம், பஸ்ஸில” என்றேன்.

அடுத்த கிழமை ஏஜென்சிக்காரர் பதில் கேட்டு வந்தார். வழக்கத்தில் என்னோடு கரையிலும் அவளோடு அடுப்படியிலும் தனித்தனியாகக் கதைப்பார். அன்று நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

“அக்காவிட்டக் கேட்டுச் சொல்லுறன் எண்டு இந்த முறையும் சொல்லாதேங்கோ அண்ணை.”

“கேட்டாச்சு தம்பி. நாங்கள் வரேல்லை.”

அவர் பிலோமினாவைப் பார்த்தார். “அக்கா?”

“நாங்கள் எண்டால் நானும்தான் தம்பி. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போம்.”

பிள்ளைகளே, அந்த வள்ளம் கவிழ்ந்தது, நாங்கள் தப்பினோம் என்று நான் சொல்லப் போவதாக நினைப்பீர்கள். இல்லை. வேறு ஒருவர் ஓட்டினார். அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாள் கொட்டிலுக்குள் மழை ஒழுகிக்கொண்டிருந்தது. இந்நேரம் நாங்களும் அங்கே இருந்திருக்கலாம். பிலோமினா இப்போது என்னைக் குற்றம் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள், “சேந்திட்டினம், ஆண்டவருக்குத் தோத்திரம். வாங்கோ, அவையளுக்காகச் செபமாலை சொல்லுவம்” என்றாள். நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று அவள் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. நானும் அவளுக்குச் சொன்னதில்லை. எங்கள் செபம் கேட்கப்பட்டது என்று அன்றுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

ஜெசிந்தாவை யாழ்ப்பாணம் கொண்டு போனோம். இரும்பை எடுத்தார்கள். தழும்பு இருக்கிறது, வலி குறைந்துவிட்டது. டெனிசன் திரும்பப் புத்தகத்தை எடுத்தான். வீடு மெல்ல மெல்ல எழும்பியது. வலை இன்னும் அறுபடுகிறது, பொய் சொல்லமாட்டேன். கஷ்டம் போகவில்லை. ஆனால் பெரிய காரியம் எதையும் நானும் பிலோமினாவும் சேர்ந்து முழந்தாளில் நிற்காமல் முடிவெடுப்பதில்லை.

இப்போது டெனிசனுக்கு மனைவியும் குழந்தையும் இருக்கிறார்கள். அவனும் வெளிநாடு போவதைப் பற்றி யோசிக்கிறான். முறையான விசாவில். போன மாதம், “அப்பா, நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்று கேட்டான். போகாதே என்று நான் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. போனவர்களையும் ஆண்டவர் காத்தார், இருந்த எங்களையும் காத்தார். “மனிசியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போ. ரெண்டு பேரும் சேந்து கேளுங்கோ. ஒரே பதில் வருமட்டும் எழும்பாதேங்கோ” என்றேன்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். எங்கள் வீட்டில் பேச்சு நின்ற இடத்தில் மறுபடி பேச்சைத் தந்த ஆண்டவருக்கு நன்றி. உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தால் அம்மாவையும் அப்பாவையும் கோயிலில் ஒரே வாங்கில் இருத்துங்கள். நடுவில் நீங்களும் இருந்துகொள்ளுங்கள். ஆண்டவர் கேட்பார்.