ரெண்டு மூங்கில்

மூங்கில் முளையின் மேல் இருக்கும் சுணை விரலில் ஏறினால் மூன்று நாளைக்கு இறங்காது. தேங்காய் எண்ணெய் தேய்த்தாலும், சாணியில் கையைப் புதைத்தாலும், சோறு பிசையும்போது எங்கிருந்தோ மயிரிழையாக வந்து குத்தும். கரிக்கலாம்பாக்கத்துப் பக்கம் எங்கள் தோட்டத்து மூலையில் இருந்த அந்த ஒற்றைப் புதரை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் அரிப்புதான் வருகிறது, அப்புறம்தான் அப்பா வருகிறார்.

மூங்கிலைக் கவனிக்காமல் விட்டால் வேலியைத் தாண்டிவிடும். அதனால் அப்பா ஆடி மாதம் புதரைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, அதில் நீட்டிக்கொண்டு வரும் கிழங்கைக் கடப்பாரையால் வெட்டுவார். மழை விழுந்ததும் முளை வரும். பள்ளத்துக்கு உள்ளே வருவதை விட வேண்டும், வெளியே வருவதை ஒடிக்க வேண்டும். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்று வீட்டோடு கிடந்த எனக்கு அந்த வேலை வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீடு. ஒரு வருசம் முளை ஒன்று அவர் புதிதாகக் கட்டிய கக்கூஸ் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது. வேலியோரம் நின்று என்னிடம்தான் கத்தினார்: "சொத்துல பங்கு வாங்கனது பத்தலன்னு மூங்கில வேற அனுப்பறானாடி உங்கப்பன்?"

அப்பா உள்ளே இருந்தபடியே, "கக்கூஸ்ல நெழலு இல்லியேன்னு போயிருக்கும், சொல்லுடி" என்றார். அதற்கப்புறம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எங்கள் தெருப்பக்கம் பச்சை மூங்கில் எங்களிடம்தான் இருந்தது. கல்யாணப் பந்தலுக்குக் கேட்க வருபவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்து, காபி குடித்து, விலை பேசுவார்கள். சாவு வீட்டிலிருந்து வருபவர்கள் தெருவிலேயே நின்று, "அண்ணா, ரெண்டு" என்பார்கள், அவ்வளவுதான். பாடைக்கு ரெண்டு. யார் என்று கேட்கக் கூடாது, காசு கேட்கக் கூடாது, பகையாளியானாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டு அரிவாளை எடுப்பார்.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பிள்ளை நான். மூங்கில் வளர வளர யாராவது சாகிறார்கள் என்று என் புத்திக்குப் பட்டது. அப்பாவுக்கோ அப்போது விடாத இருமல். அதனால் பள்ளத்துக்கு உள்ளே வந்த முளைகளையும் ஒடித்தேன். மூன்று மழைக்கு, ஒன்று விடாமல் ஒடித்து எருக்குழியில் புதைத்தேன்.

"இன்னாடி, இந்த வருசமும் முளையே காணோம்?"

"மாடு மேஞ்சிருக்கும்பா."

"பல்லு போன மாடு, அதா மேஞ்சிது?" என்று சிரித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நாலாம் வருசம் கார்த்திகையில், கரும்புக் கொல்லையில் நின்றிருந்த இடத்திலேயே விழுந்து, அப்பா போய்விட்டார். அரிவாளோடு புதருக்குள் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். நல்லதெல்லாம் கேட்டவர்களுக்குப் போய், மிச்சம் காய்ந்து உளுத்துக் கிடந்தது. "ஊருக்கே குடுத்த மனுசன், அவருக்கு ஒண்ணு இல்லியேப்பா" என்று யாரோ சொன்னார்கள். வில்லியனூர்க் கடைக்கு ஆள் அனுப்பலாம் என்று பேச்சு நடந்தது.

பெரியப்பாவின் வைக்கோல் போருக்குப் பின்னால், அவர் வாய்க்குப் பயந்து நான் ஒடிக்கப் போகாத இடத்தில், வேலி தாண்டிய எங்கள் மூங்கில் ரெண்டு நெடுநெடுவென்று நிற்பது எனக்குத் தெரியும். அவர் இன்னும் துக்கத்துக்கு வந்திருக்கவில்லை. நான் போய் அவர் வீட்டுக்கு எதிரே தெருவில் நின்றேன்.

"பெரியப்பா, ரெண்டு."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அரிவாளை எடுத்தார். முதல் மூங்கில் சாய்ந்த பிறகுதான் வாய் திறந்தார். "உங்க வூட்டுதுதான்டி இது. சண்டைக்காவது வருவான்னு ஒடிக்காம வுட்டு வச்சிருந்தேன்."

அடிப்பக்கத்தை அவரும் நுனியை நானுமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். அவரிடமும் நான் சொல்லவில்லை.

இப்போது பெரியப்பாவும் இல்லை. புதரை ஒரு காலையில் பொக்லைன் பிடுங்கிப் போட்டது. பள்ளம் இருந்த இடத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். சாவுக்குப் போன் செய்தால் போதும், சக்கரம் வைத்த ஸ்டீல் வண்டி வருகிறது; யாரும் தெருவில் வந்து நிற்கத் தேவையில்லை. என் மகள் அழகுக்கென்று மாடியில் ஒரு தொட்டியில் மஞ்சள் மூங்கில் வைத்திருக்கிறாள். மழைக்கு முளை வரும்போதெல்லாம், "ஒடிச்சி வுடும்மா, தொட்டி வெடிச்சிடும்" என்கிறாள்.

தொட்டி போன மழையிலேயே வெடித்துவிட்டது. கம்பி சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன்.