இன்செயினுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்

ரங்கூன் தின்கன்ஜூனில் மகளோடு இருக்கும் சாந்தகுமாரி அம்மாளுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. கியாக்டடா எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். ஊரார் ரகசியம் அத்தனையும் காதில் விழுந்தும் ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை. ஏழு வயதில் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டே இல்லாமல் இருந்தது.

அது 1949. அப்பா விநாயகமூர்த்திக்கு ரங்கூனை ஒட்டிய இன்செயினில் ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை. ஜனவரி கடைசியில், அக்கா செல்லக்கண்ணுவைப் பெண் பார்க்க, ரங்கூன் பசுந்தாங்கிலிருந்து அரிசி ஆலை குமாஸ்தா சபாபதி தன் அம்மாவோடு வந்தார். கறுப்புக் கோட்டு, பளபளக்கும் பூட்ஸ். அக்கா கேசரித் தட்டோடு வந்து நின்றாள்.

"பொண்ணு கையாலயே கிண்டுனது" என்றார் அப்பா. "பதினெட்டுதான் ஆகுது."

இரண்டும் பொய். கேசரி பக்கத்து லைன் வீட்டிலிருந்து வந்தது. அக்காவுக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. காலையிலேயே அம்மா சாந்தகுமாரியின் காதைத் திருகி, வாயே திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள்.

கேசரி தீர்வதற்குள் வெளியே துப்பாக்கி வெடித்தது. கரேன் கிளர்ச்சிப் படை இன்செயினைப் பிடித்துக்கொண்டது; அரசுப் படை ஊரைச் சுற்றி வளைத்தது. ரயில் நின்றது, பாதை அடைபட்டது. ஒரு மணி நேரத்துக்கென்று வந்தவர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் அந்த வீட்டிலேயே தங்கும்படி ஆயிற்று.

வீட்டின் பின்னால் ஜப்பான் சண்டைக் காலத்தில் வெட்டிய பதுங்கு குழி இருந்தது. முதல் குண்டு கூவிக்கொண்டு வந்தபோது ஆறு பேரும் அதற்குள் குதித்தார்கள். முன்பு சாந்தகுமாரி வெல்லம் திருடி அகப்பட்டபோது, பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு செத்தால் சாமி வாசலிலேயே நிறுத்திவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். சாகும் நேரம் வந்துவிட்டது என்று குழந்தைக்குத் தோன்றியது.

"கேசரி அக்கா பண்ணல! பக்கத்து வீட்டுல வாங்கினது!"

குண்டு எங்கோ தள்ளி விழுந்தது. குழிக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அம்மா மட்டும் இருட்டில் கையை நீட்டிக் கிள்ளினாள். கிள்ளியது சபாபதியின் அம்மா தொடையில் பட்டது.

நாலாம் நாள் குண்டு இன்னும் கிட்டத்தில் விழுந்தது.

"அக்காவுக்குப் பதினெட்டு இல்ல! இருபத்திரண்டு!"

"இந்தப் புள்ளை வாயை யாராச்சும் மூடுங்களேன்" என்று அப்பா அழாத குறையாகச் சொன்னார். அடுத்த குண்டில் பக்கத்துக் கூரைத் தகடுகள் பறந்து குழியின் வாயில் மண் சரிந்தது. சபாபதியின் அம்மா கைகூப்பிக்கொண்டு கத்தினார்:

"முருகா, கோட்டு இரவல்! பூட்ஸும் இரவல்! இவனுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல!"

அதன்பிறகு பேசுவது சுலபமாகிவிட்டது. மறைக்க யாரிடமும் ஒன்றும் மிச்சமில்லை.

பசி மட்டும் பொய் சொல்லவில்லை. அரிசி தீர்ந்து அவித்த பயறு, பயறும் தீர்ந்து வாழைத்தண்டு. பயத்தில் சாந்தகுமாரிக்குப் பல நாள் பாயிலேயே ஒன்றுக்குப் போய்விடும். அப்போதெல்லாம் அக்கா சத்தம் காட்டாமல் பாயைத் திருப்பிப் போடுவாள்.

மார்ச் மாத வெயிலிலும் சபாபதி கோட்டைக் கழற்றவில்லை. கிணறு தெருமுனையில் இருந்தது. அப்பாவின் கால் சுளுக்கிக்கொண்டதால் ஒரு நாள் காலையில் சபாபதியே வாளியோடு புறப்பட்டார். நனைந்தால் இரவல்காரனுக்கு என்ன பதில் சொல்வது என்று அப்போதுதான் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். உள்ளே இருந்த சட்டைக்குக் காலர் இருந்தது, முன்பக்கம் இருந்தது. முதுகுப் பக்கமே இல்லை.

அவர் மண்ணில் ஊர்ந்து போனார். திரும்பி வந்தபோது வாளியில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அக்கா முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஊர்ந்துக்கிட்டே வாளியத் தூக்குனா தண்ணி எப்படிங்க நிக்கும்?"

"நின்னுக்கிட்டுத் தூக்குனா நான் நிக்க மாட்டேங்க."

மறுநாள் அக்காவும் கூடப் போனாள். இரண்டு பேரும் குனிந்து ஓடி, ஒரே வாளியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதற்கடுத்த நாள், வீட்டில் தண்ணீர் இருக்கும்போதே போனார்கள்.

ஏப்ரலில் சண்டையை நிறுத்திப் பேசுகிறார்கள் என்று இரண்டொரு நாள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆறு பேரும் மூட்டை முடிச்சோடு தண்டவாளத்தை ஒட்டி நடந்து ரங்கூன் வந்து சேர்ந்தார்கள். வழியில் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"பொண்ணு... பிடிச்சிருக்குங்களா?"

"இனிமே எதப் பார்க்கணும்னு கேக்கிறீங்க?" என்றார் சபாபதியின் அம்மா.

அடுத்த மாதமே பசுந்தாங்கில் கல்யாணம். அக்காவும் அத்தானும் ஐம்பத்தொரு வருஷம் சேர்ந்து வாழ்ந்து, ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

போன வருஷம் மகள் வற்புறுத்தி, சாந்தகுமாரி அம்மாளை ரயிலில் இன்செயினுக்கு அழைத்துப் போனாள். அந்த லைன் வீடுகள் இல்லை. குழி இருந்த இடம் என்று அவர் காட்டிய இடத்தில் ஒரு செல்போன் கடை இருந்தது. வாசலிலேயே வெகுநேரம் நின்றார். கடைப் பெண் பர்மிய மொழியில் என்ன வேண்டும் என்று கேட்டாள். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு சார்ஜர் வாங்கிக்கொண்டார். வீட்டில் யாருடைய போனுக்கும் அது சேரவில்லை.