கஸ்டம்ஸில் மாட்டிய முறுக்கு அச்சு

துபாயில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு, முதல்முறையாகத் தனியாக ஊர் திரும்பினேன். "கஸ்டம்ஸ்ல எதுனா கேட்டா பயந்து உளறாதம்மா" என்று மகள் சொல்லி அனுப்பியதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பயந்தபடியே ஆனது. சென்னையில் என் பையை எக்ஸ்ரேயில் பார்த்த அதிகாரி, உள்ளிருந்த பித்தளை முறுக்கு அச்சை வெளியே எடுத்தார். அம்பத்தூர் லேத் பட்டறையில் வேலை செய்யும் என் கணவர் எனக்காகக் கடைந்து கொடுத்தது அது. கிளம்பும் அவசரத்தில் பேரனுக்கு முறுக்கு சுட்டுவிட்டு, கழுவாமலே பையில் திணித்திருந்தேன். உள்ளே மாவு காய்ந்து இறுகிவிட்டது.

"உள்ள என்னம்மா, தங்கமா?" என்றார். அவரும் இன்னொருவரும் மாறி மாறி இழுத்தார்கள். அசையவில்லை.

"இணைப்பே தெரியலையே. எந்த நாட்டுல செஞ்சது?"

அந்தக் கேள்வியில் என் பயம் போய்விட்டது.

"அம்பத்தூர்ல சார். எங்க ஊட்டுக்காரர் செஞ்சது. கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க, நானே தொறக்கறேன்."

அதிகாரியின் பிளாஸ்க் வெந்நீரை ஊற்றி, மாவு ஊறியதும் ஒரே திருகு. உள்ளே மாவும் எள்ளும்தான். அதிகாரி சிரித்துவிட்டார்.

வெளியே காத்திருந்த கணவர் கேட்டது ஒன்றுதான். "அச்ச ஒடச்சிட்டாங்களா?"

"ரெண்டு ஆம்பளைங்க இழுத்தும் தொறக்கலய்யா. நான்தான் தொறந்தேன்."

வீடு வரும்வரை அச்சை அவர் மடியிலிருந்து இறக்கவில்லை.

இப்போது எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். தப்பாக எதையும் கொண்டு வராதவர்கள் பயப்படவே வேண்டாம் என்கிறேன். அச்சை மட்டும் கழுவிவிட்டு வாருங்கள்.