கூடவே இருந்த பட்டினி

பெல்ட்டின் நுனியை இழுத்து, புதிதாகக் குத்திய ஓட்டையைக் காட்டுவார் ஸ்ரீரங்கன். அஸ்தினாபுரத்தில் காலை நடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஓட்டையைப் பார்த்தாகிவிட்டது. "சார், நடுரோட்டுல பெல்ட்டுல கை வைக்காதீங்க, லேடீஸ் வர்ற நேரம்" என்பார் பக்தவச்சலம். ஸ்ரீரங்கன் சிரிக்கமாட்டார். மனிதன் பசிக்கா சாப்பிடுகிறான், கடிகாரத்துக்குத்தானே என்று தொடங்கிவிடுவார்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருட்டியதும் சாப்பாட்டை முடித்தால், மறுநாள் நண்பகல்வரை தண்ணீரும் கறுப்புக் காப்பியும்தான். வயிறு காய்ந்தால் உடம்பு தன் கொழுப்பைத் தானே எரிக்கும் என்பார். பொய்யில்லை, அவருக்குச் சர்க்கரை இறங்கியது, ஈரலில் கொழுப்பு குறைந்தது. ஸ்கேன் படத்தைக் காலனி வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டார்.

மனைவி பாலாம்பாளுக்கும் சர்க்கரை உண்டு. காலை மாத்திரையை அவரே பிரித்து அவள் கையில் வைப்பார். அந்த அக்கறையில் அவருக்குச் சற்றுப் பெருமை.

சென்ற மாதம் ஒரு காலையில், கீரைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தவள் கேட்டைப் பிடித்தபடியே சரிந்தாள். வேர்த்து ஊற்றியது, பேச்சு குழறியது. எதிர்வீட்டு விஷ்ணுப்ரியா சர்க்கரைத் தண்ணீர் புகட்டி, ஆட்டோ பிடித்து இருவரையும் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் பாலாம்பாளைத்தான் கேட்டார்.

"இட்லி" என்றார் ஸ்ரீரங்கன்.

அவள் தரையைப் பார்த்தாள். "இவர் சாப்பிட்டப்புறந்தான் நான் சாப்பிடுவேன் டாக்டர். கல்யாணமானதுலேர்ந்து அப்படித்தான்."

"மாத்திரை?"

"அது காலம்பறவே இவர் குடுத்துடுவார்."

டாக்டர் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். மாத்திரை போட்ட வயிறு காலியாகக் கிடந்தால் ஆளையே சாய்த்துவிடும் என்பது அவர் படிக்காத விஷயமல்ல.

திரும்பும்போது, "சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்க கேக்கலையே" என்றாள், சாதாரணமாக.

இப்போது அவர் நடைக்குப் போவதில்லை. பக்தவச்சலம் போன் செய்தால் எடுப்பதில்லை. நீ முதலில் சாப்பிடு என்று அவளிடம் சொல்லிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். அவள் கேட்பதாக இல்லை. ஆகவே மாத்திரையைப் பிரிப்பதற்கு முன்பே தட்டின் முன் உட்கார்ந்துவிடுகிறார். பசியில்லை. ஒரு விள்ளல் இட்லியை வாயில் போட்டு, தலை நிமிராமல் மெல்லுகிறார், சமையலறையில் அவள் தன் தட்டை எடுக்கும் சத்தம் கேட்கும்வரை விழுங்காமல்.