தென்னேரித் தாய்க்கு ஓர் அழைப்பிதழ்

என் தம்பி மகன் பெரிய காஞ்சிபுரத்தில் சிறியதொரு பட்டுக்கடை நடத்துகிறான். கைப்பேசியில் வெளியிடவிருக்கும் விளம்பர வாசகங்களை அச்செடுத்துவந்து, பிழை திருத்தித் தருமாறு என்னிடம் கொடுப்பான். ஒற்று மிகுமிடங்களைத் தடையின்றித் திருத்துவேன். 'எங்கள் வாடிக்கையாளர் கூறுகிறார்' என்னும் பகுதிக்கு வந்ததும் என் எழுதுகோல் நின்றுவிடும். 'இவர் யார்? எவ்வூரார்? நேரில் கண்டதுண்டா?' என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தருவேன். அத்தைக்கு எதிலும் ஐயம் என்று அவன் சிரிப்பான். அந்த ஐயம் என்னைப் பன்னிரண்டாம் அகவையில் பற்றியது. பற்றவைத்தவர் என் சிற்றப்பா.

அவருடைய கடை காமாட்சியம்மன் கோயிலுக்குச் செல்லும் தெருவில் இருந்தது. இரண்டு அலமாரி, ஒரு பாய், சுவரில் ஒரு நாள்காட்டி, அவ்வளவே கடை. பேருந்திலிருந்து இறங்குவோரைத் தரகர்கள் பெரிய கடைகளுக்கு அழைத்துச் சென்றுவிடுவர். சிற்றப்பாவிடம் எஞ்சிய கருவி துண்டறிக்கை ஒன்றே. தரம், நியாயம், நாணயம் என்ற மூன்று சொற்களை முன்பின்னாக அடுக்கி அச்சிட்டு வழங்கினார். தெருமுனையில் வேர்க்கடலை மடிக்க அவை பயன்பட்டன.

விற்பவன் சொல்லை எவரும் நம்புவதில்லை, வாங்கியவர் சொல்லையே நம்புவர் என்று பிறகு அவர் கண்டறிந்தார். கண்டுபிடிப்பு மெய்யானதே, வாங்கியவர்தாம் எவரும் இலர். ஆகவே, எழுத்து அழகாயிருந்த என்னை அழைத்து ஒரு நீல உள்நாட்டுக் கடிதத்தாளைத் தந்தார். 'தங்கள் பட்டு மிக நேர்த்தி' என்று எழுதிக் காட்டினேன். அவர் முகம் சுளித்தார்.

"நேர்த்தின்னா யாரும்மா நம்புவாங்க? கல்யாணத்தன்னிக்கி மழ கொட்டுச்சு, மருமக நனைஞ்சுது, சாயம் கால்ல ஒட்டலன்னு எழுது. சம்பந்தியம்மா கரைய தடவிப் பாத்துக்கினே, எந்தக் கடைன்னு கேட்டாங்கன்னு போடு."

"எந்த ஊர் போடறது சித்தப்பா?"

"தென்னேரி போடு. போயி விசாரிக்கறதுக்குத் தூரம், நம்பறதுக்குக் கிட்ட."

இவ்வாறு தென்னேரித் தாய் பிறந்தாள். அவளுக்காக ஏரியை நிரப்பிக் கரைபுரள வைத்தேன். மணமக்களை மழையில் நடத்தினேன். மருமகளின் வெண்பாதங்களை வெண்மையாகவே காத்தேன். அடுத்து முசரவாக்கத்தில் ஒரு விதவை, பின்னர் ஓர் ஆசிரியர் என்று என் மக்கள் பெருகினர். வாலாஜாபாத் செல்வோரிடம் கடிதங்களைக் கொடுத்தனுப்பி, அங்கிருந்து நம் கடை முகவரிக்கே அஞ்சலில் சேர்ப்பித்தார் சிற்றப்பா. அஞ்சல்காரர் கொண்டுவந்ததும், வந்திருப்போர் முன்னிலையில் வியப்புடன் பிரித்துப் படிப்பார். கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவார். தென்னேரித் தாயின் கடிதம் துண்டறிக்கையிலும் ஏறியது. ஆட்கள் வரத் தொடங்கினர். நானோ கடிதமென்றாலே ஐயுறத் தொடங்கினேன். என் பெரியம்மா நலமென்று எழுதியதைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

மார்கழி மாதத்தில் ஒரு நீலக் கடிதம் வந்தது. வாலாஜாபாத் முத்திரை, அனுப்பியவர் ஊர் தென்னேரி. 'உங்கள் நோட்டீசில் எங்கள் ஊர் அம்மா எழுதியதைப் படித்தேன். தை பிறந்ததும் என் மகனுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு அரக்கு உடலும் பச்சைக் கரையும் உள்ள புடவை ஒன்று எடுத்து வைக்கவும். முதல் நாள் வந்து வாங்கிக்கொள்கிறேன்.'

சிற்றப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "தேறிட்டியே. ஒரு கடுதாசி இன்னொரு கடுதாசிய சாட்சிக்கு இஸ்துக்கினு வருது."

அவர்தாம் எழுதி என்னைச் சோதிக்கிறார் என்று நான் கருதினேன். "மழையும் இல்ல, சம்பந்தியும் இல்ல. இத யாரு சித்தப்பா நம்புவாங்க?" என்று குறை கூறினேன்.

"அதாம்மா ஷோக்கு. நெசம் மாதிரியே இருக்குது."

ஒருவர் கைத்திறனை மற்றவர் மெச்சிச் சிரித்தோம். கடிதம் சட்டமேறித் தென்னேரித் தாயின் பக்கத்தில் அமர்ந்தது. அலமாரியில் அரக்கில் பச்சைக் கரைப் புடவை ஒன்றே இருந்தது. சில நாளில் கடைக்கு வந்த அம்மையார் ஒருவர் சுவரிலிருந்த அக்கடிதத்தைப் படித்து, அதே புடவைதான் வேண்டுமென்று பிடிவாதமாக வாங்கிச் சென்றார்.

தை பிறந்தது. ஒரு நண்பகலில், தோளில் துண்டும் கையில் மஞ்சள் பையுமாக உழவர் ஒருவர் கடையேறிப் பாயில் அமர்ந்தார்.

"இன்னாபா, எடுத்து வெச்சிக்கிறீங்களா?"

"எதைங்க?" என்றார் சிற்றப்பா.

உழவர் சுவரைக் காட்டினார். "அதோ, கண்ணாடி போட்டு மாட்டிக்கிறீங்களே. அது நான் எழுதுனது."

சிற்றப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அக்கணத்தில்தான், அந்த ஒரு கடிதத்தைப் பொறுத்தவரை இருவரும் குற்றமற்றவர் என்பது இருவருக்கும் தெரிந்தது.

"விடிஞ்சா முகூர்த்தம்பா," என்றார் உழவர். குரலில் சினமில்லை, அதுவே அச்சமூட்டியது. "மருமவளா வரப்போற பொண்ணு வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். வெறுங்கையோட போயி அது முன்னால எப்டி நிப்பேன்?"

"தறிக்காரர் வூட்டுல இருக்குதுங்க. இதோ எடுத்தாறேன்," என்று சொல்லிச் சிற்றப்பா தெருவில் இறங்கி, நாள்தோறும் ஏளனம் செய்துவந்த பெரிய கடைகளின் பக்கம் ஓடினார்.

உழவர் அமர்ந்த இடத்திலிருந்தே சுவர்க்கடிதங்களை ஒவ்வொன்றாக உதடசைத்துப் படித்தார். தென்னேரித் தாயிடம் வந்து நின்றார்.

"இது யாரு கண்ணு? எங்கூர்ல நாலு தெருவும் கேட்டுட்டேன். நாந்தான்னு ஒருத்தரும் சொல்லல."

"எனக்குத் தெரியாதுங்க."

"வெக்கப்படறாங்க போலக்குது." பையிலிருந்து மஞ்சள் தடவிய திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்தார். "அவங்க சொல்லித்தானே நான் வந்தேன், அவங்களக் கூப்பிடலன்னா எப்டி? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. மேல அவங்களுக்குன்னு நீயே எழுதும்மா."

'தென்னேரித் தாய் அவர்களுக்கு' என்று எழுதிக் கொடுத்தேன். மை உலரும்வரை அதைக் கையில் வைத்திருந்தார். அழைப்பிதழைப் பார்த்தார்; சுவரைப் பார்த்தார்; மீண்டும் அழைப்பிதழைப் பார்த்தார்.

"அழகான எழுத்து," என்று அதை என் கையிலேயே திருப்பித் தந்தார். "அவங்களாண்ட சேத்துடு. புடவ எப்டி இருக்குதுன்னு அவங்களே வந்து பாக்கட்டும்."

சிற்றப்பா வியர்த்தொழுகத் திரும்பினார். அரக்கு நிறமே, கரையும் பச்சையே. உழவர் கரையைக் கட்டைவிரலால் தடவினார்.

"உங்க கடைப் புடவதானே?"

"எங்க கடைதாங்க."

மேற்கொண்டு எதுவும் கேளாமல், விலையைக் கொடுத்துப் புடவையைப் பையிலிட்டுக்கொண்டு போனார்.

அன்று மாலையே சிற்றப்பா சுவரிலிருந்த கடிதங்களை எல்லாம் இறக்கினார். உழவருடையதை மட்டும் விட்டுவைத்தார். வருவோர் அதைப் படித்து, "நீங்களே எழுதிக்கினதா?" என்று கேட்டுச் சிரிப்பர்.

திருமணத்திற்கு நாங்கள் செல்லவில்லை. எளிதில் ஏமாறும் மனிதர் என்று அவரைப் பற்றி எண்ணி, தப்பித்துவிட்ட மகிழ்ச்சியுடன் அழைப்பிதழைப் பாடநூலுக்குள் ஒளித்தேன். அஞ்சல் முத்திரையையும் பெரியம்மாவின் நலத்தையும் ஐயுற்ற நான், கூரையடியில் இருந்த என் பொடியெழுத்துகளை மூக்குக்கண்ணாடியின்றிப் பாயிலிருந்தே படித்த ஒருவர் தமக்குக் கண் தெரியவில்லை என்றதை மட்டும் அன்று ஐயுறவில்லை.