கோமளாவும் நான் வெட்டிய பச்சை ஒயரும்

செவ்வாய்க்கிழமை காலை மந்தைவெளி மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கோமளாவின் மகள் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க சார். டீ போட எழுந்தாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க." கீரைக்கட்டைக் கடையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நம் பள்ளியில் பணியாற்றிய உங்களுக்குக் கோமளாவை, நான் பாடம் நடத்திய இயற்பியல் ஆய்வகத்தின் உதவியாளராகத் தெரியும். ஓர் ஆண்டு விழாவில் மைக் ஊளையிட்டது. நாமெல்லாம் ஆம்ப்ளிஃபயரைத் தட்டிக்கொண்டிருந்தோம். அவர் வந்து, ஸ்பீக்கருக்கு எதிரே நின்ற மைக்கை அதற்கு நான்கடி பின்னால் நகர்த்தினார். "பொட்டியை ஏன் சார் அடிக்கிறீங்க? நிக்கிற எடம் தப்பு."

ஓய்வு பெற்றபின் நான் வீட்டில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கி வைத்தேன். டிவியை அதில் இணைத்த நாளிலிருந்து ஓயாத உறுமல். யாரோ சொன்னதைக் கேட்டு, பிளக்கைத் திறந்து பச்சை நிற எர்த் ஒயரை வெட்டிவிட்டேன். உறுமல் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாரமே தன் பேத்திக்குப் பழைய பாடப் புத்தகங்கள் வாங்கிப்போகக் கோமளா வந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி வசந்தா காபி கொடுத்தபடி சொன்னாள்: "நாலு நாளா விரலெல்லாம் சுருக்குசுருக்குங்குது கோமளா. சர்க்கரையா இருக்கும்னு இவர் சொல்றார்."

"எதைத் தொட்டா அப்படி கீதும்மா?"

"அந்தப் பாட்டுப் பெட்டியைத்தான். ஈரக்கைன்னா இன்னும் ஜாஸ்தி. இரு, சத்தத்தைக் குறைக்கிறேன்." பாத்திரம் தேய்த்த கை அப்படியே நீண்டது.

"தொடாதம்மா!"

காபி தரையில் கொட்டியது. கோமளா ஓடிப்போய் மெயினை அணைத்தார். வசந்தாவை வாசல் படிக்கு அனுப்பிவிட்டு, பிளக்கைக் கழற்றித் திறந்து பார்த்தார்.

"இது யாரு சார் பண்ண வேலை?"

"நான்தான்."

"போர்டுல பச்சை சாக்பீஸால எத்தினி வாட்டி எர்த் கோடு போட்டிருப்பீங்க!"

எர்த் என்பது மொட்டைமாடி வடிகுழாய் போன்றது. அதை அடைத்தால் தண்ணீர் கிடைத்த வழியில் இறங்கும். என் வீட்டில் அந்த வழி வசந்தாவின் உடம்பு.

அவர் ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றியதும் நான் குனிந்தேன். "இருங்க சார், பிளக்கைப் புடுங்கினாலும் உள்ள கரன்ட் தேங்கிக்கினு இருக்கும்." இரண்டு கையும் உள்ளே போய்விடாதபடி இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு பல்பின் ஒயர்களை வைத்து அதை வடித்தார். பிறகு டார்ச் அடித்துக் காட்டினார். சூட்டில் தோல் உரிந்த மின் ஒயர், பெட்டியின் தகட்டுக்கு ஒரு நூல் தூரத்தில் நின்றது. இதுவரை வசந்தாவின் விரலுக்கு வந்தது வெறும் கசிவு; அந்த ஒயர் தொட்டிருந்தால் முழுக் கரன்ட்.

ஒயரை மாற்றி, எர்த்தை மறுபடி கொடுத்தார். உறுமல் திரும்ப வந்தது. டிவிக்கு வரும் கேபிள் ஒயரைப் பிடுங்கினார், நின்றது; அது வெளியே தனியாக எர்த் ஆகியிருந்ததுதான் உறுமலுக்குக் காரணம். "உறுமுதுன்னா எதையோ சொல்லுது சார். வாயைக் கட்டாதீங்க, இன்னான்னு கேளுங்க."

"வசந்தாகிட்ட சொல்ல வேணாம் கோமளா. பயந்துடுவா."

"பயப்படட்டும். நீங்க சக்கரைன்னு சொல்லிட்டீங்கன்னு நாலு நாளா சோத்தை வுட்டுட்டாங்களாம், வந்ததும் சொன்னாங்க. நீங்களே போய் சொல்லுங்க சார்."

வாசல் படிக்குப் போய்ச் சொன்னேன்.  "பெட்டியைத் தொட்டாத்தான் சுருக்குங்குதுன்னு நான் சொன்னேனே," என்றாள் வசந்தா, அவ்வளவுதான். உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

கோமளாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். வசந்தா ஏதாவது சொன்னால், பதில் சொல்லும் முன் எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.